மகாபொலவும் பேர்சரியும்: வன்னியிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தங்க, சாப்பிட, பஸ் ஏற, போட்டோகொப்பி எடுக்கத்தான் காசு வேண்டும். மல்லாவியிலிருந்தோ செட்டிகுளத்திலிருந்தோ ஒரு பிள்ளை மாத்தறைக்கோ ஒலுவிலுக்கோ பெலிஹுல்ஓயாவுக்கோ போகும்போது அந்தக் காசுதான் வீட்டை உலுக்கும். பக்கத்திலேயே கிளிநொச்சி அறிவியல் நகருக்கோ வவுனியாப் பம்பைமடுவுக்கோ போகிற பிள்ளைக்கு அலைச்சல் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அந்தச் செலவில் ஒரு பங்கைத் தாங்கத்தான் மகாபொல, பேர்சரி என்ற இரண்டு உதவித்தொகைகள் இருக்கின்றன. இவை இரண்டும் திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு. ஆனாலும் எங்கள் பக்கத்தில் பல பிள்ளைகளுக்கு இவை பிந்திக் கிடைக்கின்றன, சிலருக்குக் கிடைக்காமலே போகின்றன. தகுதி இல்லாமல் அல்ல. ஒரு கையொப்பம் பிந்தியதாலும், பெயரில் ஓர் எழுத்து மாறியதாலும், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாததாலும்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்குக் கேட்டறிய ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பதில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எது எந்தக் காசு

மகாபொல என்பது உயர்கல்விக்கான ஒரு நம்பிக்கை நிதியம். 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி அதைத் தொடக்கினார். மகாபொல என்ற பெயரில் ஊர் ஊராக நடந்த வர்த்தகக் கண்காட்சிகளின் வருமானமும் லொத்தர் வருமானமும் அந்த நிதியத்துக்குப் போயின. கல்விக்கான காசு வர்த்தக அமைச்சின் பக்கத்திலிருந்து வருவதேன் என்று யோசிப்பவர்களுக்கு இதுதான் காரணம்.

பேர்சரி வேறு. அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தருகிற காசு, பல்கலைக்கழகத்தின் ஊடாகவே உங்களிடம் வரும். மகாபொல கிடைக்காத, ஆனால் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது.

2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், பேர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. தொகை வரவுசெலவுத் திட்டத்தோடு மாறக்கூடியது. உங்கள் ஆண்டுக்குரிய தொகையைப் பல்கலைக்கழக அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கொடுப்பனவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிதல்ல. ஆகையால் மகாபொலப் பட்டியலில் பெயர் இல்லை என்று மனம் உடைந்து, பேர்சரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள்.

மாதக் கணக்கில் பேசினாலும் வருடத்தில் பன்னிரண்டு தடவை இது வருவதில்லை. ஒரு கல்வியாண்டுக்குப் பத்துத் தவணை என்பதே நடைமுறை. 7,500 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 75,000, 6,500 என்றால் 65,000. வீட்டில் கணக்குப் போடும்போது 12 ஆல் பெருக்கி ஏமாறாதீர்கள்.

கடன் என்பது மூன்றாவது வகை. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத உயர்தரச் சித்தியாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க, வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் ஒன்று 2017 முதல் இருக்கிறது. வட்டியை அரசு கட்டும், எடுத்த கடன் தொகையை நீங்கள் கட்ட வேண்டும். யாராவது இதை "ஸ்கொலர்ஷிப்" என்று சொல்லி விற்றால், கையெழுத்து வைக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நான் திருப்பிக் கட்ட வேண்டுமா? நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வருமானச் சான்றிதழ்

முழு விடயத்திலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மகாபொலத் தெரிவில் உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியையும் (Z-score) குடும்ப வருமானத்தையும் பார்க்கிறார்கள். பேர்சரியில் வருமானத்தோடு, படிக்கிற சகோதரங்கள் எத்தனை, வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எவ்வளவு தூரம் என்பனவும் கணக்கில் வரும். இசற் புள்ளியை இனி நீங்கள் மாற்ற முடியாது. வருமானப் பத்திரத்தைச் சரியாகச் செய்வது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

அரச உத்தியோகத்தர் வீட்டில் இது இலகு. சம்பளத் துண்டு இருக்கிறது, கந்தோரில் ஒரு கடிதம் எடுத்தால் முடிந்தது. வன்னியில் பெரும்பாலான வீடுகள் அப்படியல்ல. வயல், கூலி, கடல், மாடு, சின்னக் கடை. ஒரு மாதம் கை நிறையக் காசு, மூன்று மாதம் ஒன்றும் இல்லை. கிராம அலுவலர் கேட்பார்: "வருசத்துக்கு எவ்வளவு வருமானம் அம்மா?" தாய் சொல்லுவா: "என்னத்தைச் சொல்லுறது ஐயா, ஒண்டும் மிஞ்சிறேல்லை." அவர் ஒரு மதிப்பை எழுதுவார். அந்த மதிப்பு சில வேளை உண்மையை விடக் கூடவாக இருக்கும், சில வேளை நம்ப முடியாத அளவு குறைவாக இருக்கும். இரண்டுமே பிள்ளைக்குக் கெடுதல்.

ஆகவே ஜி.எஸ்ஸிடம், அதாவது கிராம அலுவலரிடம், போவதற்கு முதல் நாள் இரவு, ஒரு கொப்பித் தாளில் வீட்டின் ஒரு வருடக் கணக்கை எழுதுங்கள். வயல் என்றால்: காலபோகம் எத்தனை ஏக்கர், சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்ததா, சொந்தக் காணியா குத்தகையா, எத்தனை மூடை அறுத்தது, எத்தனை மூடை சாப்பாட்டுக்கும் விதைக்கும் வைத்தது, மிச்சம் என்ன விலைக்குப் போனது. அதன் கீழே உழவு, பசளை, மருந்து, அறுவடை மெசின், குத்தகை நெல் என்று செலவை எழுதுங்கள். கூலி வேலை என்றால் மாதத்தில் சராசரியாக எத்தனை நாள் வேலை கிடைக்கும், நாட்கூலி என்ன என்று எழுதுங்கள். கடற்றொழில் என்றால் கடலுக்குப் போக முடியாத மாதங்களையும் குறியுங்கள். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் காற்றுக்காலத்தில் வள்ளம் கரையில் கிடப்பது ஜி.எஸ்ஸுக்கும் தெரியும், தாளில் இருந்தால் அவருக்கு எழுத இலகு. படிவம் மொத்த வருமானத்தைக் கேட்கிறதா, செலவு கழித்த வருமானத்தைக் கேட்கிறதா என்று வாசித்து அதற்கேற்ற தொகையைச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

வருமானம் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் வருமானமே இல்லை என்றால் வாசிக்கிறவர் நம்பமாட்டார், படிவம் விசாரணைக்குப் போகும் அல்லது ஒதுக்கப்படும். வெளிநாட்டில் இருக்கிற மாமா மாதா மாதம் அனுப்புகிற காசு இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பொய் விபரம் பிற்பாடு தெரியவந்தால் கொடுப்பனவு நிறுத்தப்படும், எடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் முடியும். வீடு அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவைப் பெறுகிறது என்றால் அதற்கான ஆதாரத்தின் பிரதியைச் சேர்த்து வையுங்கள். வருமானம் பற்றி நீங்கள் சொல்வதற்கு அது துணை நிற்கும்.

ஜி.எஸ் கையொப்பமிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. பிரதேச செயலாளரின் மேலொப்பமும் முத்திரையும் வேண்டும். ஒட்டுசுட்டான், துணுக்காய், பூநகரி போன்ற பிரிவுகளில் பிரதேச செயலகத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். எந்த நாள் பொதுமக்கள் நாள், கையொப்பமிடும் உத்தியோகத்தர் நிற்பாரா என்று முதலிலேயே போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். பல்கலைக்கழகம் தந்த படிவம் இருந்தால் அந்தப் படிவத்திலேயே கையொப்பம் வாங்குங்கள். ஜி.எஸ் தன்னுடைய வழமையான கடிதத்தாளில் எழுதித் தந்தது நல்ல மனதோடுதான், ஆனால் பல இடங்களில் அது ஏற்கப்படாது.

தெற்கிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி, தமிழில் நிரப்பிய படிவத்தைக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை வாசிக்கப் போகிற உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. தொகையையும் தொழிலையும் ஆங்கிலத்திலும் எழுதித் தரும்படி பிரதேச செயலகத்திலேயே கேட்டு வாங்கினால் உங்கள் படிவம் மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்காது.

தகப்பனோ தாயோ இல்லாத வீடு

எங்கள் பக்கத்தில் இது குறைவான விடயமல்ல, ஆகவே தனியாகச் சொல்ல வேண்டும். படிவத்தில் தந்தையின் பெயர், தொழில், வருமானம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். தகப்பன் இறந்துவிட்டார் என்றால் மரணச் சான்றிதழின் பிரதி. பிரிந்து போய்விட்டார் என்றால், பிள்ளை தாயின் பராமரிப்பிலேயே இருக்கிறது என்று ஜி.எஸ்ஸின் கடிதம். அம்மம்மாவோ சித்தியோ வளர்த்த பிள்ளை என்றால், யார் பாதுகாவலர் என்று அதே கடிதத்தில் வர வேண்டும்.

போரில் காணாமற்போனவர்களின் வீடுகளில் இது நெஞ்சை அறுக்கிற வேலை. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மார் இருக்கிறார்கள். அவர்களை யாரும் அதற்குத் தள்ளத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றுக்கு இடமளித்திருக்கிறது. அதைப் பதிவாளர் நாயகம் வழங்குகிறார். இறந்துவிட்டார் என்று எழுதாமலேயே, அவர் வீட்டில் இல்லை, உழைத்துத் தருவதில்லை என்பதை அது காட்டும். அதுவும் கையில் இல்லாவிட்டால், நிலைமையை உள்ளபடி எழுதிய ஜி.எஸ்ஸின் கடிதத்தோடு விண்ணப்பத்தைக் கொடுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பாதீர்கள். வெறுமையான கட்டத்தைப் பார்க்கிறவர், நிரப்ப மறந்துவிட்டார்கள் என்றே நினைப்பார்.

இடம்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். கணினியில் ஏற்றிய பதிவுகளுக்கு, பிறந்த இடத்துக்கே போகாமல் வேறு பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கிற வசதி இப்போது இருக்கிறது. உங்களுக்கு மட்டும் எடுக்காமல், படிக்கிற தம்பி தங்கைக்கும் எடுத்து வையுங்கள். பேர்சரியில் சகோதரங்களின் எண்ணிக்கையைக் காட்ட அது உதவும். அவர்கள் படிக்கிறார்கள் என்பதற்குப் பாடசாலை அதிபரின் கடிதமும் வேண்டும்.

விண்ணப்பம்

இதில் பெரிய நுணுக்கம் எதுவுமில்லை. தெரிவானவர்களுக்கு வருகிற பதிவு அறிவித்தலோடும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும் அந்த ஆண்டுக்கான அறிவுறுத்தல் இருக்கும். படிவம் இணையத்திலா, தாளிலா, யாருக்கு அனுப்ப வேண்டும், கடைசி நாள் எது, அந்த ஆண்டின் வருமான எல்லை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். போன வருடம் போன அக்கா சொன்னதை வைத்துக்கொண்டு இந்த வருடம் நிரப்பாதீர்கள். வருமான எல்லை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, படிவம் கொடுக்கிற முறையும் மாறியிருக்கிறது.

நிரப்பிய படிவத்தின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நேரில் கொடுத்தால், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியையும் முத்திரையையும் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். நாளைக்குப் படிவம் காணவில்லை என்று யாராவது சொன்னால் உங்களுக்காகப் பேசப்போவது அந்த முத்திரைதான்.

மகாபொல ஒருமுறை கிடைத்தால் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை, பட்டப்படிப்பின் காலம் முழுவதுக்கும் தொடரும். பெயர்ப்பட்டியல் வெளியாகும்போது உங்கள் பெயர் இல்லாவிட்டால் அன்றைக்கே மாணவர் நலச்சேவைக் கிளைக்குப் போய்ப் பேர்சரிப் படிவம் எப்போது தருவார்கள் என்று கேளுங்கள்.

வங்கிக் கணக்கு: சின்னப் பிழை, பெரிய தாமதம்

காசு கையில் தரமாட்டார்கள். உங்கள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்குக்குத்தான் வரும். பெரும்பாலும் மக்கள் வங்கி அல்லது இலங்கை வங்கி. எந்த வங்கி, எந்தக் கிளை என்று பல்கலைக்கழகம் சொல்லும். வளாகத்துக்கு அருகிலுள்ள கிளையில்தான் திறக்க வேண்டும் என்று கேட்கிற இடங்களும் உண்டு, ஆகையால் அறிவித்தலைப் பார்க்குமுன் ஊரில் புதுக் கணக்குத் திறந்து அலையாதீர்கள்.

பலரிடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் காலத்திலோ சின்ன வயதிலோ திறந்த சிறுவர் கணக்கு ஒன்று இருக்கும். அதன் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு இருந்துவிடுவார்கள். சிறுவர் கணக்கு பதினெட்டு வயதோடு சாதாரணக் கணக்காக மாற்றப்பட வேண்டும். அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய் மாற்றினால்தான் ஒழுங்காக இயங்கும். நீண்ட காலம் தொடாத கணக்கும் செயலற்றதாகிவிடும். கணக்கு இயங்குகிறதா என்று பார்க்க வழி இலகு: நூறு ரூபாய் போட்டு, நூறு ரூபாய் எடுங்கள். இரண்டும் நடந்தால் சரி. தாயோடு சேர்ந்த கூட்டுக் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

பெயர்தான் அடுத்த சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது மாதிரி. எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நெடிலுக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், இன்னொருவர் ஒன்றோடு விடுவார். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக இருக்கும், மற்ற இடத்தில் முதலெழுத்தாக இருக்கும். பல்கலைக்கழகப் பதிவு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். பதிவுக்கு முன்பே ஒப்பிட்டுப் பார்த்து, அடையாள அட்டையில் உள்ளபடி வங்கியில் திருத்துங்கள். வங்கியில் திருத்துவதுதான் இருப்பதில் இலகுவானது.

கணக்கு இலக்கத்தைக் கையால் எழுதாமல், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுங்கள். ஓர் இலக்கம் மாறினால் காசு திரும்பிப் போய், பிறகு பட்டியலில் ஏறி வர இன்னும் சில தவணை போய்விடும்.

இன்னொன்று. மகாபொலக் கந்தோரிலிருந்து பேசுகிறோம், காசு போட வேண்டும், போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். காசு போடுவதற்கு உங்கள் கணக்கு இலக்கம் மட்டும் போதும். அட்டையின் இரகசிய இலக்கத்தையோ போனுக்கு வருகிற இலக்கத்தையோ எந்தக் கந்தோரும் கேட்காது.

காசு வருகிற வழி

முதல் மாதம் வகுப்புத் தொடங்கியதும் காசு வந்துவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களே அதிகம் தவிக்கிறார்கள். பதிவு முடிந்து, விண்ணப்பங்கள் சரிபார்க்கப்பட்டு, தெரிவுப் பட்டியல் வெளியாகி, வங்கி விபரம் சேர்க்கப்பட்ட பிறகுதான் முதல் தவணை. அதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். இரணைமடுக் குளத்தில் துருசு திறந்த அன்றைக்கே கடைசி வாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் வருவதில்லை என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதுவும் அப்படித்தான். நல்ல விடயம், பிந்திய தவணைகள் பெரும்பாலும் அழிந்து போவதில்லை, நிலுவையாகச் சேர்ந்து வரும்.

வழி இப்படி: உங்கள் பீடம் விரிவுரை வரவைக் கணக்கெடுத்து நலச்சேவைக் கிளைக்கு அனுப்பும். நலச்சேவைக் கிளை தகுதியானவர்களின் பட்டியலைத் தயாரிக்கும். மகாபொல என்றால் நிதியத்திலிருந்தும், பேர்சரி என்றால் மானியங்கள் ஆணைக்குழுவிலிருந்தும் காசு விடுவிக்கப்பட வேண்டும். பிறகு பல்கலைக்கழகத்தின் நிதிக் கிளை, அதன் பின் வங்கி. இதில் எங்கே நின்றாலும் உங்கள் கணக்கில் ஒன்றும் விழாது.

ஆகவே காசு வரவில்லை என்றால் முதலில் கூடப் படிக்கிறவர்களிடம் கேளுங்கள். ஒருவருக்கும் வரவில்லை என்றால் மேலிருந்து காசு விடுபடவில்லை, நீங்கள் தனியாக ஓடித் திரிவதில் பயனில்லை, மாணவர் ஒன்றியம் சேர்ந்து கேட்க வேண்டிய விடயம் அது. உங்கள் பீடத்தில் மட்டும் வரவில்லை என்றால் பீடத்திலிருந்து வரவு விபரம் போகவில்லை, உதவிப் பதிவாளரின் கந்தோரில் கேளுங்கள். எல்லோருக்கும் வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் வங்கி விபரம், வரவு, பெயர் என்ற மூன்றில் ஒன்று. வங்கிப் புத்தகத்தைப் பதிப்பித்து எடுத்துக்கொண்டு நலச்சேவைக் கிளைக்குப் போங்கள். கோபத்தோடு போகாமல் பதிவிலக்கம், கணக்கிலக்கம், கடைசியாக வந்த தவணையின் திகதி என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே இருக்கிறவர்கள் ஆயிரக்கணக்கான பெயர்களைப் பார்க்கிறார்கள். கையில் விபரத்தோடு போகிற பிள்ளையின் வேலை கெதியாய் முடியும்.

ஒரு சின்னக் கொப்பி வைத்திருங்கள். தவணை இலக்கம், வந்த திகதி, தொகை. நிலுவை சேர்ந்து வரும்போது எந்த மாதத்துக்கான காசு வந்தது, எது வரவில்லை என்று வேறு எதைப் பார்த்தும் சொல்ல முடியாது.

80 வீத வரவு

மகாபொலவுக்கும் பேர்சரிக்கும் 80 வீத வரவு வேண்டும். விரிவுரையில் கையொப்பம் வைக்கிற தாளைச் சிலர் விளையாட்டாக எடுப்பார்கள். அந்தத் தாள்தான் தவணையைத் தீர்மானிக்கிறது. முதல் ஆண்டில் ஊர் நினைவு வந்து, வெள்ளி மத்தியானமே பஸ் ஏறித் திங்கள் பின்னேரம் திரும்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாத்தறையிலிருந்து முல்லைத்தீவுக்கு ஒரு இரவுப் பயணத்துக்கு மேல், ஆகவே இது விளங்கக்கூடிய ஆசைதான். ஆனால் மாதத்தில் மூன்று தடவை இப்படிப் போனால் வரவு 80க்குக் கீழே இறங்கிவிடும்.

காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றிதழைப் பல்கலைக்கழகம் சொல்கிற காலத்துக்குள், சொல்கிற முறையில் கொடுங்கள். வீட்டில் மரணம் என்றால் பீடத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. ஓராண்டைத் திரும்பப் படிக்க நேர்ந்தாலோ, படிப்பை ஒத்திவைத்தாலோ அந்தக் காலத்துக்குக் கொடுப்பனவு வராது, திரும்பி வந்ததும் மீண்டும் தொடங்கச் சொல்லி நீங்களே எழுதிக் கேட்க வேண்டியும் வரலாம்.

முதல் மாதங்களை எப்படிக் கடப்பது

7,500 ரூபாயை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 250 ரூபாய். மூன்று வேளையும் வெளியே சாப்பிட அது காணாது. விடுதி கிடைத்தால் பெரிய பாரம் குறையும், ஆகவே விடுதி விண்ணப்பத்தை இந்தப் படிவங்களுக்குச் சமமான கவனத்தோடு நிரப்புங்கள். வீட்டின் தூரத்தைச் சரியாகக் காட்டுங்கள். நெடுங்கேணியிலிருந்து வருகிறேன் என்று எழுதினால் தெற்கில் யாருக்கும் தூரம் விளங்காது, கிலோமீற்றரில் எழுதுங்கள்.

முதல் தவணை வரும்வரைக்கும் வீட்டிலிருந்து எத்தனை மாதத்துக்குக் காசு தர முடியும் என்று புறப்படுமுன் கதையுங்கள். நகை அடகு வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றால், எவ்வளவு, எப்போது மீட்பது என்று பிள்ளைக்கும் சொல்லுங்கள். பிள்ளையிடம் மறைத்துவிட்டு அம்மா தனியாகச் சுமப்பதை நான் சரி என்று நினைக்கவில்லை. நிலுவைத் தவணை மொத்தமாக வந்து விழும்போது அதை எதற்கு எடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வட்டிக்குக் கடன் எடுத்து முதல் மாதத்தை ஓட்டுவது கடைசி வழி. அதற்கு முன் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் அல்லது தேவாலய நிர்வாகம், புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கம் என்று கேட்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. இவர்கள் பெறுபேற்றுத் தாள், அனுமதிக் கடிதம், ஜி.எஸ் கடிதம் ஆகிய மூன்றையும்தான் கேட்பார்கள். இவர்களின் உதவியைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இருந்தால் உள்ளதை எழுதுங்கள்.

பட்டியலில் பெயர் வராவிட்டால்

பேர்சரியும் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வருமானம் கூட என்று காட்டியிருந்தால், அது பிழை என்று நீங்கள் கருதினால், புதிய வருமானச் சான்றிதழோடு மேன்முறையீடு செய்யலாம். இடையில் நிலைமை மாறினாலும் சும்மா இருக்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் தகப்பன் இறந்துவிட்டார், அல்லது படுக்கையாகிவிட்டார், வெள்ளத்தில் வயல் முழுதாய்ப் போய்விட்டது என்றால் நலச்சேவைக் கிளைக்கு எழுதுங்கள். பல்கலைக்கழகங்களில் தனிப்பட்டவர்கள் நிறுவிய அறக்கொடைப் புலமைப்பரிசில்களும் இருக்கும். அறிவித்தல் பலகையில் ஒட்டி, விண்ணப்பிக்க ஆள் குறைவாகப் போகிறவையும் அவற்றுக்குள் உண்டு. பலகையைப் பார்க்கிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் போகாதவர்களுக்கும் ஒரு சொல். தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானவர்களுக்கு அங்கேயே மாதக் கொடுப்பனவு உண்டு, வவுனியாவிலும் ஒரு கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தைப் போன்ற தொழிற்பயிற்சி இடங்களில் சேருமுன், பயிற்சிக் காலக் கொடுப்பனவு உண்டா, விடுதி உண்டா என்று இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றுக்கும் இதே வருமானச் சான்றிதழும் இதே வங்கிக் கணக்கு ஒழுங்கும்தான் தேவைப்படும்.

கடைசியாக, படிப்பு முடிகிற நேரத்துக்குரிய ஒரு விடயம். இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்கு வந்த பிறகும் நிலுவைத் தவணைகள் வரலாம். அதற்கிடையில் வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள், போன் இலக்கத்தை மாற்றினால் நலச்சேவைக் கிளைக்கு அறிவியுங்கள். உங்கள் கொப்பியில் எண்ணிப் பார்த்து எல்லாத் தவணையும் வந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் அந்தக் கணக்கைப் பற்றி யோசியுங்கள்.